டிரம்முக்குத் திரும்பும் குரோமியம்

தோல் ஆலைக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தைத் திரும்ப எடுத்து மறுபடி பயன்படுத்தலாமாமே, நிஜமா என்று வாணியம்பாடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிஜம்தான்.

பாலாற்றங்கரைக்காரருக்குத் தோல் பதனிடுவதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் வந்தபின் ஒரே நாளில் பதமாகி 'வெட் புளூ' எனும் ஈர நீலத் தோலாகப் பதனிடும் டிரம்மிலிருந்து இறங்குகிறது. ஆனால் போட்ட குரோமியம் சல்பேட்டில் வழக்கமாக 60, 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் கரும்பச்சைத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு!

அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது. அதில் காரம் சேர்த்தால் குரோமியம் ஹைட்ராக்சைடாக மாறி அடியில் படியும். கேட்க எளிதாக இருக்கிறது, சிக்கல் அளவில்தான். காரம் போதாவிட்டால் படியாது, மிஞ்சினால் படிந்ததே மறுபடி கரையத் தொடங்கும். காஸ்டிக் சோடா ஊற்றுகிறவர் கை சற்று நீண்டால் தீர்ந்தது. படிவதும் கொழகொழவென்று படியும்; அதை வடிகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த மக்னீசியம் ஆக்சைடு வருகிறது. வெறும் வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையவே யோசிக்கும். அமிலம் இருக்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதைத் தணிக்கும். அமிலம் தீர்ந்ததும் கரைவதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். என் அத்தை இப்படித்தான் பரிமாறுவார். இலை காலியானால் ஒரு கரண்டி, போதும் என்றால் கரண்டி பாத்திரத்துக்குப் போய்விடும். பிஎச் 9ஐ ஒட்டி நின்றுகொள்வதால், தூள் சற்றுக் கூடினாலும் விபரீதம் இல்லை. படிவமும் கனமாக, மணல் மணலாக இறங்கும். இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துவிட்டு, அடியில் இருப்பதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் பழையபடி குரோமியம் சல்பேட். புதுச் சரக்கோடு கலந்து அடுத்த டிரம்முக்குப் போடலாம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறைதான் இது.

ஒரே ஒரு நிபந்தனை: குரோம் தண்ணீரைத் தனி வாய்க்காலில் பிடிக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டிக் கழிவோடு அதைக் கலக்கவிட்டால், கொழுப்பும் மயிரும் புரதமும் சேர்ந்த சேற்றுக்குள் குரோமியம் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் பிரிப்பதற்கு ஆகும் செலவு அதன் விலையை மிஞ்சிவிடும். குரோமியம் ஒரு தனிமம், மக்கிப் போகாது. சேறு சேர்ந்துகொண்டே இருக்கும், அதை எங்காவது வைத்தாக வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். வாய்க்காலைப் பிரிக்க இடமில்லை, காசில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

இந்த முறையிலும் முழுக்கப் பிடித்துவிட முடியாது. பதனிட்ட தோலைப் பிழியும்போதும் பின்னால் கழுவும்போதும் கொஞ்சம் குரோமியம் கசிகிறது; அந்த நீர் மிகவும் நீர்த்திருப்பதால் திரும்ப எடுப்பது கட்டுப்படியாகாது. அதனால் ஆய்வாளர்கள் இப்போது டிரம்மிலேயே கை வைக்கிறார்கள். பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காமல் குரோமியத்தைத் தோலுக்குள் ஏற்றும் முறையை அதே அடையாறு நிறுவனம் உருவாக்கி, ஆலைகளுக்கும் கொடுத்திருக்கிறது.