தூங்குகிறது, கெட்டுப் போகவில்லை!

இரவு பதினொரு மணி. பையனுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சர்டிபிகேட்டுகள் எல்லாம் 'பென் டிரைவி'ல் இருக்கின்றன. அதை லாப்டாப்பில் செருகினால், சண்டை போட்ட சம்பந்தியைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறது! அடுத்தாற்போல் வீட்டில் என்ன கேள்வி பிறக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மத்தியானம் நீதானே அதை வைத்துக்கொண்டிருந்தாய்? எதைத் தொட்டாய்?"

நீங்கள் ஒன்றையும் தொடவில்லை, சகோதரி! பென் டிரைவும் அநேகமாகச் செத்துப் போகவில்லை. லாப்டாப்பின் ஒரு பகுதி தூங்கிக்கொண்டிருக்கலாம்; அவ்வளவுதான்.

சாமானைச் செருகுகிறோமே, அந்த யு.எஸ்.பி. வாசல் 1996-ல் ஏற்பட்டது. யாராவது வந்து நின்றதும் லாப்டாப், "யார் நீ? எந்த வீட்டுப் பிள்ளை? என்ன வேலை தெரியும்?" என்று விசாரிக்கிறது. வந்தவரும் தம்மைச் செய்த கம்பெனியின் எண்ணையும் தம் மாதிரி எண்ணையும் ஒழுங்காகச் சொல்கிறார். யு.எஸ்.பி. 2.0 முறையில், விசாரணை முடிகிற வரையில் அவருக்கு 100 மில்லிஆம்பியர் மின்சாரந்தான். விருந்தாளிக்குக் கொடுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் மாதிரி. ஆள் இன்னார் என்று தெரிந்த பிறகே 500 வரை, அதாவது இலை போட்டுச் சாப்பாடு!

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிக்கனம் என்று ஒன்று இருக்கிறதே! பாட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக, சும்மா இருக்கும் வாசல்களை விண்டோஸ் தூங்கப் பண்ணிவிடுகிறது. தட்டினால் எழுந்திருக்க வேண்டும். சில சமயம், முக்கியமாக லாப்டாப்பே தூங்கி எழுந்த பிறகு, வாசல்காரன் மட்டும் எழுந்திருப்பதில்லை. விருந்தாளி வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.

ரிப்பேர் கடைக்கு ஓடுவதற்கு முன், பென் டிரைவைக் கழற்றி, பத்து எண்ணி, வேறு வாசலில் செருகிப் பாருங்கள். மசியவில்லையா? 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' அல்ல, கவனம்! இங்கேதான் வேடிக்கை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, சீக்கிரம் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில், பெரும்பாலான லாப்டாப்கள் ஷட் டவுன் செய்தாலும் தம் உள்விவகாரங்களில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து, மறுமுறை அதையே பிரித்துக்கொள்கின்றன. பழைய மயக்கமும் கூடவே வந்துவிடலாம்! ரீஸ்டார்ட்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டு புதிதாக ஆரம்பிப்பது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது, கேட்டுத்தான் பாருங்களேன். இதற்கும் அசையாமல், வேறு கம்ப்யூட்டரிலும் தெரியாவிட்டால், பென் டிரைவுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை.

தொல்லை அடிக்கடி வருகிறதென்றால், விண்டோஸ் சின்னத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'டிவைஸ் மானேஜரை'த் திறந்துகொள்ளுங்கள். யு.எஸ்.பி. பட்டியலில் 'ரூட் ஹப்' என்பதை இரு முறை தட்டினால், 'பவர் மானேஜ்மென்ட்' பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். இதை அணைக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அநுமதி அது. எடுத்துவிடுங்கள். பாட்டரி கொஞ்சம் கூடச் செலவாகும், பரவாயில்லை. சில புதிய லாப்டாப்களில் இந்தப் பக்கமே இராது. அவற்றுக்கு ரீஸ்டார்ட்டே கதி.

தூக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 'ஸ்லீப்' என்பது தணலைச் சாம்பல் போட்டு மூடி வைப்பது. ஊதினால் பற்றிக்கொள்ளும், ஆனால் கரி செலவாகிக்கொண்டே இருக்கும். 'ஹைபர்னேட்' என்பது, பாதியில் இருக்கும் வேலைகளை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு அடுப்பையே அணைப்பது. எழுந்திருக்கச் சற்றுத் தாமதமாகும். ஆனால் பாட்டரி அடியோடு தீர்ந்தாலும் எழுதியது போகாது. ஊருக்குப் புறப்படும்போது லாப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுப் பையில் திணிக்காதீர்கள். சில லாப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, புடவைகளுக்கு நடுவில் இட்லிப் பானையாகக் கொதிக்கும்! ஹைபர்னேட் செய்யுங்கள். அந்தப் பெயர் கண்ணில் படாவிட்டால், 'கண்ட்ரோல் பானலி'ல் 'பவர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு டிக் செய்தால் வந்து சேரும்.