சுண்ணாம்பையும் அம்மோனியம் சல்பேட்டையும் கலவாதீர்

குன்னூர் மலைச்சரிவு நிலங்கள் பெரும்பாலும் புளிப்புள்ளவை. பெருமழை மண்ணின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துச் சென்றுவிடுவதே காரணம். நீல லிட்மஸ் காகிதத்தை ஈரமண்ணில் பதித்தால் சிவக்கக் காணலாம். இப்புளிப்பு தேயிலைக்கு உகந்தது, முட்டைக்கோசுக்கு ஆகாது. ஆதலின் கோசு நிலத்திற்குச் சுண்ணாம்பிடுதல் முறையே.

ஆனால் அதனை அம்மோனியம் சல்பேட்டுடன் ஒரே கூடையில் கலந்து தூவுவோரும் உளர். அவ்வுரம் கந்தக அமிலமும் அம்மோனியா என்னும் காரமும் கூடிய உப்பாகும். நீற்றிய சுண்ணாம்பு அம்மோனியாவினும் வலிய காரமாதலால், அமிலப் பகுதியைத் தான் பற்றி ஜிப்சமாகிறது. அம்மோனியா ஆவியாய்ப் பிரிகிறது. அப்பொழுது மூக்கைத் துளைக்கும் நெடி வேறொன்றுமன்று, விலைகொடுத்து வாங்கிய தழைச்சத்தே காற்றில் போவதாம்! சுண்ணாம்பை முன்னரே இட்டு மண்ணோடு நன்கு கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் உரமிடல் வேண்டும்.