உங்கள் தூரம் எது?

நூறு மீட்டரில் கடைசியாக வந்தவர், தமக்கு ஓட்டமே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். (நானும் அப்படித்தான் பல ஆண்டுகளை வீணாக்கினேன்!) விரைவாகச் சுருங்கும் தசையிழைகள் மிகுந்தவருக்குக் குறுந்தூரமும், மெதுவாகச் சுருங்கிச் சளைக்காமல் உழைக்கும் இழைகள் மிகுந்தவருக்கு நெடுந்தூரமும் ஏற்றவை.

உங்களுக்கு எது? தூரம் இருமடங்கானால் நேரம் ஏறத்தாழ 2.085 மடங்காகும் என்பது அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகலின் கணக்கு (1977). நீங்கள் 5 கி.மீ. தூரத்தை 20 நிமிடத்தில் ஓடுபவரா? நன்கு பயிற்சி செய்து, ஓய்வும் எடுத்தபின் 10 கி.மீ. ஓடிப் பாருங்கள். 41 நிமிடம் 42 விநாடிக்குள் முடித்தால் நெடுந்தூரமே உங்களுடையது. 44 நிமிடமானால், 1500 மீட்டரை முயன்று பாருங்கள். ஆனால் மூன்றரை நிமிடத்துக்குள் முடியும் ஓட்டங்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. 100 மீட்டர் நேரத்தை வைத்துப் பெருக்க வேண்டாம்.