உயர்வெப்பநிலை ஒலியலை உணரிகளுக்கான அழுத்தமின் படிகங்கள்

பரப்பு ஒலியலை உணரி என்பது, ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஓடும் நுண்ணிய அதிர்வைக் கொண்டு வெப்பநிலை, அழுத்தம், இழுவிசை முதலியவற்றை அளக்கும் கருவியாகும். இதை மின்கலமும் கம்பியும் இல்லாமல் இயக்கலாம். ஆகவே அனல் மின் நிலையம், விமான எந்திரம் போன்ற கடும் வெப்பமுள்ள இடங்களுக்கு இது ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் எல்லாப் படிகங்களும் அந்த வெப்பத்தில் வேலை செய்வதில்லை. உருகுநிலை உயர்ந்திருந்தால் மட்டும் ஒரு படிகம் இதற்குப் போதுமானதாகிவிடாது.

தேவை

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. இந்த அளவுள்ள அலகுகளில் கொதிகலனிலிருந்து சுழலிக்குச் செல்லும் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 540 பாகை செல்சியசு ஆகும். இவ்வெப்பத்தில், அழுத்தத்துக்கு உட்பட்ட எஃகுக் குழாய் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல விரிகிறது. வடிவமைத்த அளவைவிட வெப்பம் கூடினால் குழாயின் ஆயுள் வெகுவாகக் குறையும். குழாய் வெடித்தால் அலகு நின்றுபோவதோடு, அருகில் வேலை செய்பவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

கொதிகலன்களில் வழக்கமாகப் பயன்படும் வெப்ப இரட்டைகளுக்குக் கம்பி வேண்டும். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் சுழலித் தகட்டிலிருந்து கம்பி இழுத்து வருவது கடினம். இங்குதான் கம்பியில்லா உணரி தேவைப்படுகிறது.

செயல்படும் முறை

சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் சாக் கியூரி, பியேர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் கண்டறிந்தனர். இதுவே அழுத்தமின் விளைவு. மாறாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும். திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும் அலைகளை 1885-இல் இராலே பிரபு கணித முறையில் விளக்கினார். இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்தது போன்ற மின்வாய்களைக் கொண்டு அழுத்தமின் படிகத்தில் இவ்வலையை உண்டாக்கலாம் என்று 1965-இல் வொயிட், வோல்ட்மர் இருவரும் காட்டினர்.

வெளியிலுள்ள கருவி ரேடியோ துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. உணரியின் ஆன்டெனா அதைப் பெற, சீப்பு மின்வாய் அதை ஒலியலையாக மாற்றுகிறது. அந்த அலை படிகத்தின் மீது ஓடி, எதிரொலித்துத் திரும்பி, மீண்டும் ரேடியோ அலையாக வெளியேறுகிறது. வெப்பம் மாறினால் படிகத்தின் நீளமும் அலையின் வேகமும் மாறும். திரும்பி வரும் நேரமும் மாறும். அந்த மாற்றத்திலிருந்து வெப்பநிலை கணக்கிடப்படுகிறது.

இலாங்கசைட்டில் இவ்வலையின் வேகம் நொடிக்குச் சுமார் 2700 மீட்டர். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே சுற்றுச்சுவர்களில் பட்டுவரும் ரேடியோ எதிரொலிகள் அடங்கிய பிறகே உணரியின் விடை வந்து சேர்கிறது.

படிகங்களும் அவற்றின் எல்லைகளும்

குவார்ட்சு: கடிகாரங்களில் பயன்படும் படிகம். 573 பாகையில் இதன் அணு அமைப்பு மாறுகிறது. திரும்பக் குளிரும்போது பழைய ஒழுங்கு முழுமையாக மீள்வதில்லை. நாம் கண்ட நீராவியின் 540 பாகைக்கும் இதற்கும் இடைவெளி 33 பாகைதான். இது பாதுகாப்பான இடைவெளி ஆகாது.

இலித்தியம் நையோபேட்டு: அழுத்தமின் விளைவு வலுவானது. உருகுநிலை 1200 பாகைக்கு மேல். எனினும் வழக்கமான வகை, சுமார் 300 பாகைக்கு மேல் நீண்டகாலம் இருந்தால் சிதையத் தொடங்கும்.

காலியம் பாசுபேட்டு: குவார்ட்சை ஒத்த அமைப்பு; சுமார் 970 பாகை வரை அமைப்பு மாறுவதில்லை. ஆனால் மிக மெதுவாகவே வளர்க்க முடியும்.

இலாங்கசைட்டு: இலந்தனம், காலியம், சிலிக்கன், ஆக்சிசன் சேர்ந்தது. சுமார் 1470 பாகையில் உருகும்வரை அமைப்பு மாறாது. இதனால் உயர்வெப்ப ஆய்வுகளில் அதிகம் பயன்படுகிறது. வெப்பம் ஏறஏற இதன் மின்தடை குறைவதும், அலை தேய்வதும் இதன் குறைகள். இதே குடும்பத்தில் தாண்டலம், கால்சியம் கொண்ட வகைகள் மின்தடையில் மேலானவை.

மின்வாய்ச் சிக்கல்

படிகம் தாங்கினாலும் அதன் மேலுள்ள மெல்லிய உலோகம் தாங்க வேண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். பிளாட்டினம் உருகாது, ஆனால் மெல்லிய படலமாக இருந்தால் சுமார் 700 பாகைக்கு மேல் திரண்டு துளித்துளியாகப் பிரியும். அமெரிக்காவின் மேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாட்டினம், ரோடியம் ஆகியவற்றுடன் சிர்க்கோனியாவைச் சேர்த்து இக்குறையைக் குறைத்தனர்.

படிகம் வளர்த்தல்

இலாங்கசைட்டு, சொக்ரால்சுகி முறையில் வளர்க்கப்படுகிறது. மூலப்பொருள்களை உருக்கி, அதில் சிறு விதைப் படிகத்தைத் தொடவைத்து, சுழற்றியபடியே மெதுவாக மேலே இழுப்பார்கள். சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் படிகங்களை வளர்த்து ஆராய்ந்து வருகிறது. இயற்பியலும் வேதியியலும் விரும்பிப் படிக்கும் மாணவர்களுக்கு இத்துறை அருகிலேயே இருக்கிறது.

ஆக, உயர்வெப்ப உணரிக்கான படிகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எந்த வெப்பநிலையில் அமைப்பு மாறும்? எப்போது சிதையும்? மின்தடை எதுவரை நிற்கும்? மின்வாய் எதுவரை தாங்கும்? இவற்றுள் எது முதலில் வருகிறதோ, அதுவே அந்த உணரியின் எல்லை.