கண்வழிப் பயிற்சி

ஜொகூர், இஸ்கந்தர் புத்திரியில் உள்ள சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கில் காற்பந்தாட்டம் நடைபெறுகிறது. ஆட்டக்காரர் ஒருவர் கோலை நோக்கிப் பந்தை உதைக்க ஓடி வருகிறார். அந்த நொடியில், இருக்கையில் அமர்ந்திருக்கும் இரசிகரின் காலும் அவரை அறியாமலே அசைகிறது. ஏன்?

இக்கேள்விக்கு உதவும் ஒரு கண்டுபிடிப்பு 1990களில் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஜியாக்கோமோ ரிசோலாட்டியும் அவர்தம் குழுவினரும் குரங்குகளின் மூளையை ஆராய்ந்தனர். குரங்கு ஒரு பொருளைக் கையால் எடுக்கும்போது இயங்கிய சில நரம்பணுக்கள், வேறொருவர் அதை எடுப்பதைப் பார்த்தபோதும் இயங்கின. அவை ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ எனப் பெயர் பெற்றன. மனிதர்களும் பிறர் அசைவைப் பார்க்கும்போது, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் செயல்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதாவது, கண் பார்க்கும்போதே மூளை ஒத்திகை பார்க்கிறது எனலாம்.

இந்த ஒத்திகை நோயாளிகளுக்கு உதவுமா? தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் வி. எஸ். இராமச்சந்திரன். அவர் அமெரிக்காவில் நிலைக்கண்ணாடியைக் கொண்டு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். 1999இல் அவர் இடம்பெற்ற குழு, பக்கவாதத்தால் ஒரு கை பலவீனமான ஒன்பது பேரிடம் அதைச் சோதித்தது. நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் காணும்போது, பலவீனமான கையே அசைவதுபோல் தோன்றும். அச்சிறு ஆய்வு நம்பிக்கை அளித்தது.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில், டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் படிப்படியாக அழிகின்றன. அதனால் கை நடுங்கும், உடல் விறைக்கும், அசைவு மெதுவாகும். சிலர், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் வாசற்படியிலேயே நின்றுவிடுவர். ‘நட’ என்று மனம் சொன்னாலும் கால் எழாது.

இத்தகையோரை 2010இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு நடக்கும் முறைகளைக் காட்டும் காணொலியையும், மற்றொரு குழு இயற்கைக் காட்சிப் படங்களையும் பார்த்தன. பிறகு இரு குழுவினரும் ஒரே நடைப்பயிற்சியைச் செய்தனர். பயிற்சி முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின்பும், காணொலி பார்த்த குழுவினரே நடுவழியில் நின்றுவிடுவது குறைந்த நிலையில் இருந்தனர்.

பார்ப்பது மட்டுமே மருந்தாகிவிடாது. மருந்தை முறையாக உட்கொள்வதுடன், பார்த்ததைச் செய்தும் பழக வேண்டும். நம் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இந்நோய் இருந்தால், “சீக்கிரம் நடங்க!” என்று அவசரப்படுத்துவதில் பயனில்லை. மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று, பயிற்சியின்போது நாமே முதலில் செய்து காட்டலாம். பிறகு அவர் கையைப் பிடித்து உடன் நடக்கலாம். நாம் பொறுமையாக எடுத்து வைக்கும் அடியைப் பார்த்து, அவரும் அடுத்த அடியை எடுத்து வைக்கக்கூடும்.