ஐஸ் தண்ணீர் பட்டால் பல் 'சுரீர்' என்கிறதா?

சித்திரை வெயில். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறீர்கள். நாக்கு வறண்டு கிடக்கிறது. எதிரே கண்ணாடி டம்ளரில் ஐஸ் மிதக்கும் எலுமிச்சை சர்பத். ஆசையாக ஒரு மடக்கு... 'சுரீர்!' கீழ்வரிசைப் பல்லில் யாரோ ஊசியை இறக்கின மாதிரி இருக்கிறது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு டம்ளரைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி விடுகிறீர்கள். அடுத்த நிமிஷமே வலி போன இடம் தெரியவில்லை.

அப்புறம் நாம் என்ன செய்கிறோம்? அந்தப் பக்கம் மெல்லுவதை விட்டு விடுகிறோம். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் வந்தால், 'எனக்கு வேண்டாங்க, குழந்தைங்க சாப்பிடட்டும்' என்று பெருந்தன்மை காட்டுகிறோம். 'பல் கூசுது' என்று சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போவதற்கு நமக்கே ஒரு கூச்சம்!

பல்லின் மேலே இருக்கும் எனாமல், நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கில்தான் விஷயமே இருக்கிறது. மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் அதில் ஓடுகின்றன. குழாய்களுக்குள் ஒரு திரவம், உள்ளே போனால் நரம்பு. எனாமல் தேய்ந்தோ, ஈறு கீழே இறங்கியோ இந்தக் குழாய்களின் வாய் திறந்து விட்டால், ஜில்லென்று ஏதாவது பட்ட மாத்திரத்தில் உள்ளே இருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அது நரம்பைச் சுண்டுகிறது. ஸ்வீடன் நாட்டுப் பல் விஞ்ஞானி பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் விளக்கிச் சொன்ன இந்தக் கணக்கைத்தான் பல் டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

2021-ல் இன்னொரு சங்கதியும் தெரிய வந்தது. டென்டினை உண்டாக்கும் செல்களிலேயே குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறதாம். அதற்கு டி.ஆர்.பி.சி.5 என்று பெயர். கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற பொருள் இந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. பல் வலி என்றதும் பாட்டி கிராம்பை எடுத்துக் கொடுத்தது சும்மா இல்லை! ஆனால் ஒன்று: கிராம்பு வலியை மட்டும்தான் அடக்கும், சொத்தையை அடைக்காது. கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றிக் கொண்டால் ஈறு வெந்து போகும்.

சரி, எனாமல் ஏன் தேய்கிறது? முதல் குற்றவாளி நம் கைதான். பாத்திரம் துலக்குகிற மாதிரி பிரஷ்ஷைக் குறுக்கே போட்டு இழுத்தால், பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் பள்ளம் விழும். எனாமல் மிக மெல்லிசாக இருப்பது அந்த இடத்தில்தான். வாரக்கணக்கில் எலுமிச்சை சோடா, கோலா என்று குடித்துக் கொண்டே இருப்பதும், தீராத நெஞ்செரிச்சலில் அமிலம் வாய் வரை வருவதும் எனாமலைக் கரைக்கும். புளிப்பாகக் குடித்த கையோடு பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகியிருக்கும் எனாமல் பிரஷ்ஷோடு போய்விடும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

நம்ம பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரச்னை உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பூமிக்கு அடியில் பாறை. சில ஊர்களின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இது பெரும் பாடாகி, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போகும் தண்ணீரைச் சின்ன வயதில், தாடைக்குள் பல் உருவாகிற காலத்தில் குடித்து வளர்ந்தால், பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை.

இந்தக் கறையை அழுக்கு என்று நினைத்துவிடுவதில்தான் வினையே இருக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அந்தப் பெண் உப்பும் கரித்தூளும் செங்கல் பொடியும் வைத்துத் தேய் தேய் என்று தேய்க்கிறாள். கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது, தேய்த்தால் எப்படிப் போகும்? போவது எனாமல்தான். கல்யாணத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட முடியாமல் தவிப்பதுதான் மிச்சம். இந்தக் கறையை மறைக்கவும் குறைக்கவும் பல் டாக்டர்களிடம் முறையான வழிகள் இருக்கின்றன. பெற்றவர்கள் மகளைத் திட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்து கொண்டால் தேவலை.

உங்கள் வீட்டு போர்வெல் மேல் சந்தேகமா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடும் என்பது தப்பு. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். 'அப்போ ஃபுளோரைடு பேஸ்ட்டும் ஆகாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு அது நல்லதுதான், பல்லை மேலிருந்து கெட்டிப்படுத்தும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு வையுங்கள், விழுங்காமல் துப்புகிறதா என்று கவனியுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. எது சாதாரணக் கூச்சம், எது ஆபத்து?

ஜில்லென்று பட்டதும் சுரீர், எடுத்ததும் நின்று விட்டது என்றால் பல்லின் உயிர் பத்திரமாக இருக்கிறது. பயம் வேண்டாம். ஆனால் டம்ளரைக் கீழே வைத்து அரை நிமிஷம் ஆகியும் வலி விண் விண்ணென்று நிற்கிறதா? சூடான காபி பட்டாலும் வலிக்கிறதா? ராத்திரி படுத்தால் கூடுகிறதா? ஒரே ஒரு பல் மட்டும் கூசுகிறதா, அதுவும் கடித்து எடுக்கும்போது குத்துகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். சொத்தை நரம்பை நெருங்கியிருக்கலாம், பல்லில் விரிசல் இருக்கலாம்.

சிலர் வலி தாங்காமல் ஐஸ் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டே டாக்டரிடம் வருவார்கள். முன்பு எது வலித்ததோ, அதுவே இப்போது இதமாக இருக்கும். உள்ளே நரம்பு சாகிற கட்டம் அது. அதற்கும் அடுத்த கட்டத்தில் வலி திடீரென்று நின்று போகும். 'அப்பாடா, சரியாப் போச்சு!' என்று நினைத்து விடுவோம். சரியாகவில்லைங்க, நரம்பு செத்து விட்டது. கொஞ்ச நாளில் வேர் முனையில் சீழ் கட்டும். முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்பது கூடாது.

சாதாரணக் கூச்சத்துக்கு, பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சத்துக்கான பேஸ்ட்டை மெல்லிய நாருள்ள பிரஷ்ஷில் வைத்து, தினம் இரண்டு வேளை மெதுவாகத் துலக்குங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். நாலு நாள் பார்த்துவிட்டு 'பிரயோஜனமில்லை' என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு மாதமாகியும் குறையவில்லை என்றால், வேறு பேஸ்ட் மாற்றி மாற்றிப் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள். பேஸ்ட் கூச்சத்தை மறைக்கும். அடியில் சொத்தை இருந்தால் அது பாட்டுக்கு வளரும்.

டாக்டர் பள்ளத்தை அடைப்பார், அல்லது வார்னிஷ் பூசுவார். நரம்பு வரை போயிருந்தால்தான் வேர் சிகிச்சை. பல்லை க்ளீன் செய்த பிறகும், புதிதாக அடைத்த பிறகும் சில நாள் கூசுவது சகஜம். 'க்ளீன் பண்ணினா பல் ஆட்டம் கண்டுடும்' என்று திண்ணைப் பேச்சில் சொல்வதை நம்பாதீர்கள். செலவுக்குப் பயந்து இருப்பவர்களுக்கு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியானூர், திருச்செங்கோடு பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு.

போகிற அன்றைக்கு மட்டும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகாதீர்கள். எந்தப் பல் என்று டாக்டர் தட்டிப் பார்க்கும்போது, உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.