டெக்னோ ரீமிக்ஸ் இசைத்தட்டு: இது முதலீடா, ஹாபியா? ஒரு சின்னக் கணக்கு

ஐயம்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இன்றைய பதிவு. கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரகடம் போய் வருகிறார். கைக்கு வரும் சம்பளம் 28,000 ரூபாய். “அண்ணா, பழைய டெக்னோ ரீமிக்ஸ் இசைத்தட்டுகள் விலை ஏறிக்கிட்டே போகுதாம். கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டு 10 தட்டு வாங்கி வைக்கலாமா?” என்று கேட்டார்.

நேராக “வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். ஆனா ஏன் வேண்டாம்னு தெரிஞ்சாதான் அடுத்த முறை நீங்களே முடிவெடுக்க முடியும்.

ஆசை எங்கிருந்து வருது?

டெக்னோ, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1980களில் வளர்ந்த இசை. டிஜேக்களுக்காக ரீமிக்ஸ்கள் 12 அங்குலத் தட்டில் வரும். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் என்பதால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், சத்தம் கனமாக இருக்கும். பல தட்டுகள் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சாகின. அதனால்தான் சிலதுக்கு இன்னைக்கு நல்ல கிராக்கி.

நம்ம ஊரிலேயே ஒரு கதை இருக்கு. மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்பி வெளியிட்டார். அன்று அது விற்கவில்லை. சுமார் 20 வருடம் கழித்து நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர் டெல்லியில் அதைக் கண்டெடுத்தார். “ஆசிட் ஹவுஸ் வருவதற்கு முன்னாலேயே அதே சத்தமா!” என்று உலகமே ஆச்சரியப்பட்டது. 2010இல் மறுபதிப்பும் வந்தது.

இந்தக் கதையைக் கேட்டா யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனா அதே காலத்தில் வந்து, பழைய பேப்பர் கடைக்குப் போன தட்டுகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ஜெயித்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முதலீடு செய்வது ஆபத்து.

பட்டுப்புடவைக்கும் தட்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஐயம்பேட்டைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பாட்டியின் பழைய பட்டுப்புடவை கிழிந்தாலும், அசல் ஜரிகையாக இருந்தால் அதில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி மதிப்பைப் பார்த்து ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அடிமட்ட விலை ஒன்று உண்டு.

இசைத்தட்டு வெறும் பிவிசி பிளாஸ்டிக். கீறல் விழுந்தாலும், மே மாத வெயிலில் வளைந்தாலும் மதிப்பு போச்சு. வட்டியும் வராது, டிவிடெண்டும் வராது. இன்னொரு ரசிகர் எவ்வளவு கொடுக்கத் தயாரோ, அதுதான் விலை.

இப்போ கணக்கு

ஓர் உதாரணத்துக்கு, வெளிநாட்டில் இருந்து ஒரு தட்டு வாங்குகிறோம்:

- தட்டின் விலை: ரூ.3,000
- தபால் செலவு: ரூ.1,200
- சுங்க வரி முதலியவை: ரூ.1,200
- மொத்தம்: ரூ.5,400

இதே 5,400 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் எஃப்டியில் போட்டால், 5 வருடத்தில் வரிக்கு முன் சுமார் 7,400 ரூபாய். தட்டை விற்கும்போது கமிஷன், பேக்கிங் என்று 800 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போ எஃப்டிக்குச் சமமாக வரவே அதை 8,200 ரூபாய்க்கு விற்கணும். அதாவது 3,000 ரூபாய் தட்டு வருடத்துக்கு 22 சதவீதத்துக்கு மேல் ஏறணும், 5 வருடம் தொடர்ந்து!

10 தட்டுக்கு 54,000 ரூபாய். தம்பியின் கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். இஎம்ஐ என்றால் வட்டி, வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் தனி. ஒரு மாதம் வேலை போனாலும் தவணை நிற்காது. அந்த அவசரத்தில் விற்கப் போனால், வாங்குபவர் சொல்வதுதான் விலை.

அப்போ வாங்கவே கூடாதா?

தாராளமா வாங்குங்க. ஆனா ஹாபி என்ற தலைப்பில் வாங்குங்க.

1. முதலில் 6 மாதச் செலவுக்கான அவசர நிதி, ஹெல்த் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி.
2. சம்பளத்தில் 5 சதவீதம் ஹாபிக்கு. 28,000க்கு 1,400 ரூபாய். நான்கு மாதம் சேர்த்தால் ஒரு தட்டு, கடன் இல்லாமல்.
3. கேட்பதற்கு மட்டும் என்றால் மறுபதிப்பு போதும். பெரும்பாலும் முதல் பதிப்பைவிட விலை குறைவு.
4. முதல் பதிப்புதான் வேண்டும் என்றால், தட்டின் நடுவில் லேபிளை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணின் படத்தைக் கேட்டு வாங்கி, டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.
5. அங்கே விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீங்க. இதற்கு முன் உண்மையில் விற்ற விலையைப் பாருங்க.
6. நிமிர்த்தி அடுக்குங்கள், ஒன்றன் மேல் ஒன்றாகப் போடாதீர்கள். ஓட்டுக்கு அடியில் பரணில் வைக்கவே வேண்டாம்.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். “அப்போ முதல் தட்டு தீபாவளிக்குத்தான் அண்ணா” என்றார். பரவாயில்லை, கடன் இல்லாமல் கேட்கலாம். உங்க ஹாபி பட்ஜெட் எவ்வளவு? இன்னைக்கே ஒரு தாளில் எழுதிப் பாருங்க.